தோல் போர்த்திய இரும்பு பெஞ்சு

போன செவ்வாய்க்கிழமை சாயங்காலம் எங்கள் ஊர் போஸ்ட் மாஸ்டர் என் வீட்டுக்கு வந்தார். "காற்று நன்றாக இருக்கிறது, தோட்டத்தில் உட்காரலாம்" என்றேன். வந்தார். அங்கிருந்த பெஞ்சைப் பார்த்தார். கையிலிருந்த பத்திரிகையை அதன்மேல் விரித்து, நான்கு மூலையையும் நீவிவிட்டு, பிறகுதான் உட்கார்ந்தார்.

அது எந்தப் பத்திரிகை என்கிறீர்களா? நீங்கள் இப்போது கையில் வைத்திருக்கும் இதேதான். அதன் போன இதழ். மேலாக இருந்தது நான் எழுதும் இந்தப் பக்கம்.

"தப்பா நெனைக்காதீங்க ரைட்டர்... இன்னிக்குத்தான் வெளுத்து வந்த வேட்டி" என்றார்.

நான் தப்பாக நினைக்கவில்லை. ஆம்பூரில் யார் வந்தாலும் இப்போது அப்படித்தான். சிலர் துண்டை விரிக்கிறார்கள். சிலர் நின்றபடியே பேசிவிட்டுப் போகிறார்கள். காரணத்தை ஊரில் ஆளுக்கொரு விதமாகச் சொல்லிக்கொண்டிருப்பதால், நடந்ததை நானே எழுதிவிடுவது நல்லது என்று பட்டது.

புதிதாகப் படிப்பவர்களுக்காக ஒரு வார்த்தை. நான் ஒரு தோல் ஷாப்பில் ரைட்டர். இங்கே ஆவாரம்பட்டையில் ஊறிப் பதமாகிற தோல் கப்பலேறி லண்டன் போகிறது. அதன் பின்னாலேயே போகும் இங்கிலீஷ் கடிதங்களை எழுதுவது என் வேலை. என் மனைவி கிரேஸ், பெண்கள் பள்ளிக்கூடத்து ஹெட்மிஸ்ட்ரஸ். வீட்டில் யார் பேச்சு நடக்கும் என்று இதற்கு மேல் விளக்க வேண்டுமா?

அந்தப் பள்ளிக்கூடத்தில் ஏழாவது வரைதான் உண்டு. எட்டாவது வேண்டும் என்று கிரேஸ் மூன்று வருஷமாகச் சர்க்காருக்கு எழுதிக்கொண்டிருந்தாள். எட்டாவது பாஸ் செய்தால் டீச்சர் டிரெயினிங் போகலாம், நர்ஸ் வேலைக்குப் போகலாம். ஏழாவதோடு நின்றால்? அடுப்படிதான்.

இந்த வருஷம் ஏழாவதில் ஏழு பெண்கள். அதில் கெட்டிக்காரி ராஜாத்தி. எங்கள் ஷாப் மேஸ்திரி மாணிக்கத்தின் மகள். அவளுக்கு மாப்பிள்ளை பார்த்தாகிவிட்டது. தை மாதம் கல்யாணம்.

"பள்ளிக்கூடம் இருந்தா படிக்கட்டும் டீச்சரம்மா, நான் இன்னா வேணாம்னா சொல்றேன்? எட்டாவது வந்துச்சுன்னா கல்யாணத்தைத் தள்ளிப் போடறேன். வரலைன்னா பொண்ணை வூட்ல எதுக்கு வச்சிருக்கறது?" என்று மாணிக்கம் கிரேஸிடம் சொல்லியிருந்தார். நியாயமான பேச்சு. கிரேஸுக்கு அன்றிலிருந்து தூக்கம் இல்லை.

இந்த நிலையில்தான் இன்ஸ்பெக்ட்ரஸ் அம்மாள் பள்ளிக்கூடத்தைப் பார்க்க வருவதாகக் கடிதம் வந்தது. எட்டாவதுக்கு அனுமதி அவர்கள் கையில்தான். பார்த்து முடித்ததும் எங்கள் வீட்டுத் தோட்டத்தில் டீ, பிஸ்கட்டு. பேச வேண்டியதை அங்கே பேசிக்கொள்ளலாம் என்று ஏற்பாடு.

தோட்டம் என்றால் ஒரு புங்க மரம், நாலு ரோஜாச் செடி, ஒரு கிணறு. எல்லாம் இருந்தது. உட்கார ஒன்றும் இல்லை.

"இரும்பு பெஞ்சி போடணும்" என்றாள் கிரேஸ். "வேலூர் ஆஸ்பத்திரி காம்பவுண்டுல இருக்கே... கைப்பிடி சுருண்டு, பச்சை பெயின்ட் அடிச்சு. இரும்புன்னா நாலு தலைமுறைக்கு நிக்கும்."

"நாலு தலைமுறையா வந்து உக்காரப் போவுது? ஒரு அம்மா, அரை மணி நேரம்."

"உங்க யோசனை இன்னா?"

"தோல்."

இருபது வருஷமாகத் தோலைப் பற்றியே எழுதுகிறவன் வேறென்ன சொல்வான்? தோல் உடம்புக்கு வளைந்து கொடுக்கும். இரும்பு கொடுக்காது. அதுவும் ஆம்பூர் வெயிலில் இரும்பு பெஞ்சு என்பது தோசைக்கல். இதைச் சொன்னேன். சொல்லியிருக்க வேண்டாம்.

வெளியே நாலு பேரைக் கேட்டுப் பார்த்தேன். அங்கே இன்னும் மோசம். எங்கள் முதலாளி சாயபு, கயிற்றுக் கட்டிலைத் தவிர வேறெதையும் தோட்டத்தில் போடுகிறவனுக்குப் புத்தி கம்மி என்றார். போஸ்ட் மாஸ்டர் கருங்கல் பலகை என்றார். "கல்லை எவன் தூக்கிட்டுப் போவான்?" என்று காரணமும் சொன்னார். ஒருவர்கூட உட்காருகிறவருக்குச் சௌகரியமாக இருக்குமா என்று கேட்கவில்லை. தோட்டத்து நாற்காலி விஷயத்தில் மனுஷர்கள் அப்படித்தான். உட்காரப் போகிறவர் விருந்தாளி. ருசி மட்டும் வீட்டுக்காரருடையது.

நான்கு நாள் வீட்டில் பேச்சுவார்த்தை இல்லை. ரசத்தில் உப்பு இல்லை. ஐந்தாம் நாள் சமரசம் ஏற்பட்டது. சட்டம் இரும்பு, மேலே தோல்.

அது யாருடைய யோசனை என்று கேட்காதீர்கள். அன்று ராத்திரி அது அவளுடையது என்று நான் பெருந்தன்மையாகச் சொன்னேன். இல்லை, உங்களுடையதுதான் என்று அவளும் பெருந்தன்மையாகச் சொன்னாள்.

குடியாத்தம் ரோட்டில் இருக்கும் கொல்லரிடம் இரும்புச் சட்டம் செய்யச் சொன்னோம். கைப்பிடி சுருட்டி, உட்காரும் இடத்தில் குறுக்கே ஐந்து இரும்புப் பட்டை வைத்து நன்றாகவே செய்தார். மாணிக்கத்திடம் நல்ல தோலாக ஒன்று கேட்டேன். "எதுக்கு ரைட்டர் ஐயா?" என்றார். பெஞ்சுக்கு என்றேன். மரப் பெஞ்சு என்று நினைத்துக்கொண்டு, இருப்பதிலேயே உயர்ந்ததாகப் பார்த்துக் கொடுத்தார். கொல்லருக்குத் தோல் தெரியாது. மாணிக்கத்துக்கு அது இரும்பு பெஞ்சு என்று தெரியாது. இரண்டும் தெரிந்தவர்கள் நாங்கள் இரண்டு பேர்தான்.

பச்சை பெயின்ட் வேலூரிலிருந்து வர வேண்டியது. வரவில்லை. பரவாயில்லை, இரும்பை மூடத்தான் தோல் இருக்கிறதே என்று விட்டுவிட்டோம்.

இன்ஸ்பெக்ட்ரஸ் அம்மாள் வருவதற்கு முந்தின நாள் ராத்திரி மழை பிடித்துக்கொண்டது. காலையில் பெஞ்சைத் துணியால் துடைத்தேன். மேலே காய்ந்த மாதிரிதான் இருந்தது.

சாயங்காலம் அம்மாள் வந்தார்கள். நல்ல உயரம், தங்க பிரேம் கண்ணாடி, நறுக்கென்ற பேச்சு. வெள்ளைப் புடவை. சாதாரண வெள்ளை இல்லை, அரிசி மாவு வெள்ளை. பெஞ்சில் உட்கார்ந்து ஒரு தடவை அசைந்து பார்த்தார்கள்.

"அட, சௌகரியமாக இருக்கிறதே!"

நான் கிரேஸைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்க்கவில்லை.

டீ குடித்தார்கள். பள்ளிக்கூடம் சுத்தமாக இருக்கிறது என்றார்கள். ராஜாத்தி மனக்கணக்கு போட்ட வேகத்தைச் சொல்லிச் சிரித்தார்கள். எட்டாவது பற்றிக் கிரேஸ் ஆரம்பித்ததும், "அதைத்தான் யோசிக்கிறேன்" என்று பேனாவையும் ரிப்போர்ட் புஸ்தகத்தையும் வெளியே எடுத்தார்கள். எழுதவில்லை. யோசித்தார்கள். பிறகு, "அந்த ரோஜாவைப் பார்த்துவிட்டு வருகிறேன்" என்று எழுந்து, திரும்பி நடந்தார்கள்.

புடவையின் பின்பக்கத்தில் ஐந்து கோடுகள். கட்டைவிரல் அகலம். குறுக்காக. நல்ல கறுப்பு.

இங்கே ஒரு விஷயம் சொல்லியாக வேண்டும். ஆவாரம்பட்டைத் தோல் ஈரமாக இருக்கும்போது இரும்பு பட்டால் மை ஊறும். சாதாரண மை இல்லை, கறுகறுவென்ற எழுத்து மை. அதனால்தான் எங்கள் ஷாப்பில் வாளிகூட மரம். தொட்டிப் பக்கம் ஓர் ஆணியோடு எவனாவது போனால் மாணிக்கம் கத்துகிற கத்தலில் ரயிலே நின்றுவிடும். போன வருஷம் ஒரு கட்டுத் தோலை யாரோ இரும்புக் கம்பியால் கட்டி அனுப்பி, லண்டனில் கறை என்று தகராறு வந்தது. இரும்பும் பட்டையும் ஈரத்தில் சேர்ந்தால் என்ன ஆகும் என்று நாலு பக்கம் விளக்கி, மன்னிப்புக் கேட்டுக் கடிதம் போனது.

அந்தக் கடிதத்தை எழுதியவன் நான்தான்.

எனக்குக் கை கால் ஓடவில்லை. எட்டாவது போச்சு, ஏழு பெண்களும் போச்சு. அம்மாள் ரோஜாவை மோந்துகொண்டிருந்தார்கள். நான் கிரேஸிடம் குசுகுசுவென்று, "கம்முனு இரு. கையெழுத்துப் போடட்டும். ரயில்ல இருட்டு, யாரும் பார்க்க மாட்டாங்க" என்றேன். வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் அப்படித்தான் சொன்னேன்.

கிரேஸ் என்னை ஒரு பார்வை பார்த்தாள். நேரே போனாள்.

"அம்மா, எங்க பெஞ்சியால உங்க புடவை கெட்டுப்போச்சு. பின்னாடி கறுப்புக் கறை. மன்னிக்கணும்."

அம்மாள் தலையைத் திருப்பி முடிந்த வரைக்கும் பார்த்தார்கள். பிறகு எங்கள் இரண்டு பேரையும் பார்த்துக் கேட்டார்கள்.

"இரும்பின் மேல் தோல் போடுவது யாருடைய யோசனை?"

"என்னோடது" என்றேன் நான். "என்னோடது" என்றாள் கிரேஸ். கல்யாணமாகிப் பதினாலு வருஷத்தில் நாங்கள் ஒரே குரலில் பேசியது அன்றைக்குத்தான்.

அம்மாள் உள்ளே போய், கிரேஸின் மாம்பழ நிறப் புடவையைக் கட்டிக்கொண்டார்கள். எங்கள் கல்யாணப் புடவை அது. ரிப்போர்ட் புஸ்தகத்தை மூடிப் பையில் வைத்துக்கொண்டு ஸ்டேஷனுக்குக் கிளம்பினார்கள். எட்டாவது பற்றி ஒரு வார்த்தை இல்லை.

சேதி கேட்டு மாணிக்கம் ஓடி வந்தார். எலுமிச்சம்பழத்தை அறுத்து அந்த வெள்ளைப் புடவையில் தம் கையாலேயே தேய்த்தார். கறுப்பு, சாம்பல் ஆனது. அதற்கு மேல் போகவில்லை.

"ரைட்டர் ஐயா, பட்டைத் தோலுக்கு இரும்பு ஆவாதுன்னு உங்களுக்குத் தெரியாதா?"

"தெரியும்."

"பின்னே?"

பின்னே என்ன சொல்வது? வீட்டில் சமாதானம் வேண்டியிருந்தது என்றா சொல்வது? அவர் புடவையை உதறிக் கொடியில் போட்டார். போகும்போது, "பாப்பா கிட்ட ஒண்ணும் சொல்லிக்காதீங்க. எட்டாவது வரும்னு புஸ்தகத்துக்கெல்லாம் அட்டை போட்டுக்கினு இருக்கா" என்றார்.

புடவையை மடித்து, மன்னிப்புக் கடிதத்தோடு தபாலில் அனுப்பினோம். மன்னிப்புக் கடிதம் எழுதுவதில் எனக்குப் பழக்கம் உண்டு. ஆனால் கிரேஸ் என்னை எழுத விடவில்லை. அவளே எழுதினாள். நாலு வரி.

ஐந்து வாரம் பதில் இல்லை. மாணிக்கம் பந்தலுக்குச் சொல்லி வைத்தார். கிரேஸ் பெஞ்சுப் பக்கமே போகவில்லை. வீட்டில் எது சொன்னாலும் "உங்க இஷ்டம்" என்றாள். அதைவிடப் பேஜார் உலகத்தில் உண்டா?

ஆறாவது வாரம் பார்சல் வந்தது. கொண்டுவந்தவர் நமது போஸ்ட் மாஸ்டரேதான். திறக்கிற வரைக்கும் நகரவில்லை. உள்ளே மாம்பழ நிறப் புடவை, சலவை செய்து மடித்தது. மடிப்புக்குள் சர்க்கார் காகிதம். எட்டாம் வகுப்பு நடத்த உத்தரவு. கிரேஸ் அதை இரண்டு தடவை படித்தாள். அப்புறம் புடவையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதாள். போஸ்ட் மாஸ்டர் மரியாதையாகக் கிணற்றைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கூடவே ஒரு சின்னச் சீட்டு இருந்தது.

"அன்று உங்கள் தோட்டத்திலேயே அனுமதி கொடுக்க முடிவு செய்துவிட்டேன். கறை பட்ட பிறகு கொடுத்தால் உங்கள் மேல் இரக்கப்பட்டுக் கொடுத்தது போலவும், கொடுக்காவிட்டால் கோபித்துக் கொடுக்காதது போலவும் இருக்கும் என்று கொஞ்சம் ஆறப்போட்டேன். என் புடவையை மூன்று சலவைக்காரர்கள் பார்த்துவிட்டார்கள். கோடுகள் அப்படியே இருக்கின்றன. எங்கள் ஆபீஸ் மையோ ஆறு மாதத்தில் வெளுத்துவிடும். ஆகையால் இந்த உத்தரவுக்கு ஒரு நகல் எடுத்து, உங்கள் பெஞ்சு மையில் எழுதி வைத்துக்கொள்ளவும்."

கிரேஸ் எதையும் அரைகுறையாகச் செய்கிறவள் இல்லை. சட்டியில் ஆவாரம்பட்டையையும் துருப்பிடித்த ஆணிகளையும் ஊறப்போட்டாள். உத்தரவுக்கு நகல் எழுதினாள். மிச்ச மையில் எட்டாம் வகுப்பு ரெஜிஸ்டரில் ஏழு பெயர்களையும் எழுதினாள். முதல் பெயர் ராஜாத்தி.

மாணிக்கம் வந்து பார்த்தார். விரலை எச்சில் தொட்டு, மகள் பெயரின் ஓரத்தை லேசாகத் தேய்த்தார். போகவில்லை.

"மாப்பிள்ளை வூட்ல கேட்டா இன்னா சொல்லுவீங்க?" என்றேன்.

"சொல்றதுக்கு இன்னா இருக்குது? பட்டை மையில எழுதிட்டாங்க, எலுமிச்சம்பழம் போட்டாலும் போவாதுன்னு சொல்லிட வேண்டியதுதான்" என்றார். அப்படியே சொல்லியும் விட்டார்.

பெஞ்சு இன்னும் புங்க மரத்தடியில்தான் இருக்கிறது. இரும்புதான் சரி என்கிறாள் கிரேஸ். தோல்தான் சரி என்கிறேன் நான்.

பச்சை பெயின்ட் ஒருவழியாகப் போன வாரம் வேலூரிலிருந்து வந்து சேர்ந்தது. வேண்டாம், பெயின்ட் அடித்தால் மை ஊறாது என்று இரண்டு பேருமே சொல்லிவிட்டோம்.