பக்கத்து வீட்டு எரிமலை

சுனாமிக்கு அடுத்த கோடை. இரும்புலியூரில் எங்கள் கிணறு வறண்டுவிட்டது. லாரித் தண்ணீருக்குக் குடம் தூக்கித் தூக்கி மனைவிக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது. போர்வெல் போட வண்டி பிடித்தேன். அந்த வண்டியை விட்டால் கோடை முடிந்துதான் மறுபடி கிடைக்கும்.

எலுமிச்சம்பழம் நசுக்கிக் கற்பூரம் காட்டித் தொடங்கினார்கள். பாறையில் இறங்கியதும் குழியிலிருந்து வெள்ளையாகத் தூசு கிளம்பியது. எந்த போர் போட்டாலும் கிளம்புவதுதான்.

பக்கத்து வீட்டு சார் லுங்கியோடு ஓடி வந்தார். ஆபீஸ் உத்தியோகம். டிவியில் பழங்காலத்து எரிமலையைப் பார்த்ததிலிருந்து தெருவுக்கே பாடம் எடுத்துக்கொண்டிருந்தவர்.

"நிறுத்துப்பா! அது புகை. ஒரு காலத்துல தக்காணமே பொளந்து நெருப்பா ஓடிச்சு. டைனோசர் மொத்தமும் பூண்டோட க்ளோஸ்."

எதிர் வீட்டுக்காரன் விடவில்லை. "அது வானத்துலேர்ந்து கல்லு வுழுந்து செத்துச்சு சார். பையன் புக்குல கீது."

"கல்லு விழுந்தா ஒரு எடத்துலதான் சாவும். சூரியன புகை மறைச்சாதான் உலகம் பூரா சாவும்."

"அப்போ கரப்பான் எப்டி பொழச்சிது? மூக்குல துணி கட்டிகினு இருந்துச்சா?"

சுனாமி பார்த்த ஜனம். பயம் ஒட்டிக்கொண்டது. "நிறுத்தி வைங்கண்ணா" என்று நாலு பேர் என்னிடமே வந்தார்கள். வண்டிக்காரன் இன்ஜினை அணைத்தான். "சீக்கிரம் முடிவு பண்ணுங்க. இல்லன்னா கெளம்பறேன்."

டைனோசர் எப்படிச் செத்தது என்று எனக்குத் தெரியாது. கத்தியவர்களும் பார்த்ததில்லை. என் மனைவி இடுப்பு வலியில் குடத்தோடு ரோட்டில் உட்கார்ந்ததைப் பார்த்தார்கள். அதற்கு ஒருத்தரும் ஓடி வரவில்லை.

மனைவி சுவரைப் பிடித்துக்கொண்டு வாசலுக்கு வந்தாள். "சார், போன வருஷம் உங்க வூட்ல போர் போட்டப்போ எரிமலை லீவுல போயிருந்துச்சா?"

சார் லுங்கியை இறுக்கிக் கட்டினார். "இல்லம்மா... இவ்ளோ பக்கத்துல போட்டா என் ஊத்து போயிடும்ல?"

தெரு சிரித்தது. வண்டிக்காரன் இன்ஜினைப் போட்டான். சாயங்காலம் சேறு வந்தது, பிறகு தண்ணீர்.

அந்தக் கோடையிலேயே சார் வீட்டு போர் வற்றி மோட்டார் வெறும் காற்றை இழுத்தது. சுவருக்கு அந்தப் பக்கம் குடத்தோடு வந்து நின்றார். மனைவி எங்கள் தண்ணீர் பைப்பைச் சுவர் மேல் போட்டாள்.

"யோசிச்சுப் பாத்தா டைனோசர் கல்லு விழுந்துதான் செத்திருக்கும் போல" என்றார்.

"குடத்தப் பாருங்க சார், வழியுது" என்றேன்.