நாற்பத்து மூன்றாம் பெயர்

திரையில் ஓடும் ஒவ்வொரு வரியையும் தமயந்தி நிறுத்தி விசாரிக்கிறார். நிரல் உருவாகும்போது கணினி கொட்டும் அறிவிப்புகளை வேறு யாரும் பொருட்படுத்துவதில்லை, அவர் விடுவதில்லை. "எச்சரிக்கைதான், நீ போ" என்று ஒன்றை அனுப்பிவைக்கிறார். "நீ யாரு புதுசா?" என்று இன்னொன்றை மடக்குகிறார்.

நெய்வேலி நகரியத்தின் கடைவீதிப் பின்வரிசையில் முப்பது ஆண்டுகளாக ஜாப் டைப்பிங் கடை வைத்திருக்கிறார். வயது ஐம்பத்தைந்து. விசைப்பலகையில் படியும் கரித்தூளை மணிக்கொரு முறை தூரிகையால் துடைப்பார். பிறர் ஆக்கித் தரும் மென்பொருளை நம்பமாட்டார்; மூல நிரலை இறக்கி, உடன் வரும் குறிப்பை அச்சிட்டு, ஒவ்வொரு படிக்கும் சிவப்பு மையால் டிக் இட்டுத் தாமே உருவாக்கிக்கொள்வார். "அடுத்தவங்க ஆக்கினதுல என்ன போட்டிருக்காங்கன்னு எனக்குத் தெரிய வேணாமா?"

அன்று அவர் உருவாக்கிக்கொண்டிருந்தது, உரைக்கோப்புகளைத் திறந்து காட்டும் ஒரு சிறு நிரல். காத்திருந்தவர் மாணிக்கம்மாள், சுரங்கத்துக்காக ஊரைவிட்டு மாற்றுக் குடியிருப்புக்கு வந்தவர். அவருடைய மனைக்கு மட்டும் இருபத்திரண்டு ஆண்டுகளாகப் பட்டா இல்லை. இடம்பெயர்ந்தோர் பட்டியலில் பெயர் இல்லை என்பதே எங்கும் கிடைத்த பதில். மறுநாள் காலை கடைசி விசாரணை. ஊர்ச்சங்கம் அந்நாளில் அளித்த பட்டியலைத் தட்டச்சிட்டவர் தமயந்தி. சங்கத்தின் கையெழுத்துப்படி தொலைந்துவிட்டது. கோப்பு மட்டும் அவரிடம் இருந்தது. ஆனால் அது பழைய தமிழ்க் குறியீட்டில் அமைந்தது. இன்றைய கணினியில் வெறும் கிறுக்கலாகத் தெரிந்தது. அக்குறியீடு அறிந்த நிரல் மூல வடிவில் மட்டுமே கிடைத்தது.

"இன்னாம்மா, எறும்பாட்டம் ஓடிக்கினே கீது?"

"வேகுதுக்கா. பாதியில தொறந்து பாக்கக் கூடாது."

பாதியில் அதுவே நின்றது. துணைநிரல் ஒன்று இல்லையாம். தமயந்தி அதைத் தேடி நிறுவினார். அரைகுறையாக உருவானவற்றையெல்லாம் அழித்துவிட்டு முதலிலிருந்து தொடங்கினார். இம்முறை பிழையின்றி முடிந்தது. நிறுவும் கட்டளை கடவுச்சொல் கேட்டபோது, எழுத்தறியாத மாணிக்கம்மாளுக்கும் தெரியாதபடி கையால் மறைத்துக்கொண்டு தட்டினார். பிறகு கோப்பின் பெயரைத் தந்தார்.

தமிழ் வந்தது. முத்துமுத்தாக வந்தது.

"அக்கா, இருக்கு! பதினேழு, மாணிக்கம்மாள், மேலத்தெரு!"

"அது நான் இல்லம்மா. அவ தண்ணித்தொட்டியாண்ட இருந்த மாணிக்கம்மா. அவளுக்கு அப்பவே பட்டா குடுத்துட்டாங்களே. ஒரே தெருவுல இந்தப் பேர்ல ரெண்டு பேர் இருந்தோம்."

தமயந்தி கீழே நகர்த்திக்கொண்டே போனார். வேறு மாணிக்கம்மாள் இல்லை. பட்டியல் முடிந்து வெற்று வரிகள் சில கடந்தபின், அச்சுக்குப் போகாமல் தமக்கென வைத்த குறிப்பொன்று தென்பட்டது.

'கையெழுத்துப்படியில் 43: மாணிக்கம்மாள், மேலத்தெரு. 17ஆம் பெயரே மீண்டும் வந்துள்ளதால் நீக்கப்பட்டது. – த.'

அவர் படிக்காமல் விட்டிருக்கலாம். அதை அறிய மாணிக்கம்மாளுக்கு வேறு வழியில்லை. தமயந்தி நாற்காலியைத் திருப்பி, குறிப்பை முழுவதும் படித்துக் காட்டினார்.

"எடுத்தது நான்தான்க்கா. யாரும் சொல்லல. ரெண்டு தடவை வந்திருக்குன்னு நானே எடுத்துட்டேன். ஒரு வார்த்தை கேக்கல."

மாணிக்கம்மாள் அவர் முகத்தையே பார்த்திருந்தார். "நாலு வாட்டி மனு அடிக்க உங்கிட்டதானேம்மா வந்தேன். சங்கத்துக்காரங்க வுட்டுட்டாங்கன்னு நீதானே எழுதிக் குடுத்தே. நானும் அவுங்கள வாய்க்கு வந்தபடி ஏசிகினு இருந்தேனே."

"ஆமாக்கா."

நிரல் காட்டிய பக்கத்தைக் குறிப்புடன் அப்படியே அச்சிட்டார். 'த.' என்ற எழுத்தின் கீழ் முழுப்பெயர், முகவரி, தேதி எழுதிக் கையொப்பமிட்டார். அதைச் சற்றுநேரம் பார்த்தார். அது போதவில்லை போலும். மனு கொடுக்க வருவோரின் கைநாட்டுக்காக மேசையோரம் வைத்திருக்கும் மைப்பெட்டியை இழுத்துத் திறந்து, தம் இடக்கைப் பெருவிரலை அதில் புரட்டி, கையொப்பத்தின் பக்கத்தில் அழுத்தினார்.