எங்கள் ஒழுங்கையின் கண் மருந்து

எங்கள் ஒழுங்கையில் அப்போது டொக்டர்மாருக்குப் பஞ்சமே இல்லை. படித்த டொக்டர்தான் ஒருவரும் இல்லை. முன்வீட்டு அக்காவுக்குக் கண்புரை ஒப்பரேசன் செய்தபோது கொடுத்த சொட்டு மருந்தில் மிச்சம், செபமாலை மாதத்தில் மாதா சுருவம் போவதுபோல வீடு வீடாகப் போய்க்கொண்டிருந்தது.

என் கணவர் அடம்பன் ஊருக்குப் பஸ் ஓட்டியவர். அறுவடை நேரம் தன் தங்கச்சியின் வயலுக்குப் போய், சூடடிக்கிற மெசினுக்குப் பக்கத்தில் சும்மா நின்று விடுப்புப் பார்த்ததில் வலக்கண்ணில் நெல்லுமி அடித்துவிட்டது.

"ஆஸ்பத்திரிக்குப் போவமே?" என்றார்.

"இதுக்கெல்லாமோ? பேசாமல் படுங்கோ" என்று சொல்லிவிட்டு, முன்வீட்டு அக்காவிடம் ஓடிப்போய்ப் போத்தலை வாங்கி வந்து கண்ணில் விட்டேன். இரண்டு நாளில் சிவப்பு மாறிவிட்டது. ஒழுங்கை முழுவதும் என் கைராசியைப் பாடிற்று. அந்தப் புளுகத்தில் தலைகால் தெரியாமல் இன்னொருத்தியின் மூட்டு வலிக்கும் வைத்தியம் சொன்னேன்.

பத்தாம் நாள் கருவிழியில் ஒரு வெள்ளைப் பொட்டு. அப்போதாவது அடங்கினேனா? இன்னும் இரண்டு சொட்டு கூட்டி விட்டேன். றோட்டில் வருவது மாடா சைக்கிளா என்று தெரியாமல் அவர் பஸ்ஸை ஓரங்கட்டிய அன்றுதான் கண் கிளினிக்குக்குப் போனோம்.

டொக்டருக்கு என் மகளின் வயதுதான் இருக்கும். கண்ணை விறைக்கப் பண்ணி, புண்ணை மெல்லச் சுரண்டி, கண்ணாடித் துண்டில் தடவி மைக்கிரஸ்கோப்பில் பார்த்தார். பழைய பாணில் பச்சையாகப் பிடிக்கிற பூஞ்சணத்தின் உறவுக்காரர் ஒருவர் உள்ளே குடியிருந்தாராம்.

"உமியோடை வந்திருக்கு. நீங்கள் விட்ட மருந்து சிவப்பைத்தான் குறைக்கும். பூஞ்சணத்துக்கு அது நல்ல சாப்பாடு. ஆர் இதை விட்டது?"

நான் வாயைத் திறக்குமுன் என் கணவர் சொன்னார்: "நான்தான் விட்டனான், டொக்டர். அவ வேண்டாமெண்டவ. நான் கேக்கேல்லை."

பிறகென்ன, டொக்டர் அவரை வாங்கு வாங்கென்று வாங்கினார். தன் கண்ணில் தானாக ஒரு சொட்டு விடத் தெரியாத மனிசன், தலையைக் குனிந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். உத்தமப் பத்தினியாகிய நான் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு பக்கத்துக் கதிரையில் இருந்தேன்.

மணிக்கொரு தரம் புது மருந்து, ஒன்றரை மாதம். கண்ணை எடுக்காமல் விட்டார்கள். அந்தக் கண்ணின் பார்வை மட்டும் திரும்பி வரவில்லை. பஸ் வேறொருவரின் கைக்குப் போயிற்று.

ஒழுங்கையில் ஆராவது விசாரித்தால் இன்றைக்கும் அவர் சொல்வது ஒன்றுதான்: "மனிசி சொன்னதைக் கேட்டிருக்கலாம்." எனக்கு வெட்கத்தில் செத்துவிடலாம் போல இருக்கும். ஆனாலும் இதுவரை நான் ஒருவரிடமும் திருத்திச் சொன்னதில்லை.