ரவுட்டருக்கு வைத்த பொட்டு

மகளுக்கு அன்று ஆன்லைனில் வேலைக்கான இன்டர்வியூ. "நெட் மட்டும் நிக்காம இருக்கணும்மா" என்று சொல்லிவிட்டு மாடிக்குப் போனாள். எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. எங்கள் தறியில் நெய்யப் புதுப் பாவுநூல் ஏற்றும்போது செய்வதுபோல, ரவுட்டரைக் கழற்றி வரதர் சாமி படத்துக்கு முன் வைத்துப் பொட்டு வைத்தேன்.

"இன்னாமா பண்ணிக்கினு இருக்கே? லைன் கட்டாயிடுச்சு!" ஓடி வந்த மகள் அதை மறுபடி மாட்டினாள். அழுத என்னையும் மாடிக்கு அழைத்துப்போய்ப் பக்கத்தில் உட்காரவைத்து, திரும்பத் திரையில் வந்த இன்டர்வியூ அதிகாரியிடம் உள்ளதைச் சொன்னாள்.

அவர் சிரித்தார். "ரவுட்டர்னா என்னன்னு அம்மாவுக்குப் புரியற மாதிரி சொல்லுங்க. அதான் அடுத்த கேள்வி."

மகள் என் பக்கம் திரும்பினாள். "நாம அனுப்புறது துண்டு துண்டாதான் போகும்மா. ஒவ்வொண்ணுக்கும் இதுதான் வழி காட்டும். ஒண்ணு தொலைஞ்சா திரும்ப அனுப்பிக்கலாம், அழாத."

வேலை கிடைத்தது. ஐந்தாவதோடு படிப்பை விட்ட எனக்கு எதையும் யாரும் அவ்வளவு பொறுமையாகச் சொன்னதில்லை. பாதிதான் புரிந்தது. மீதியை இப்போதும் கேட்டுக்கொண்டிருக்கிறேன். அவள் அலுத்துக்கொள்வதே இல்லை.