கீயைத் தள்ளிவிடு

டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் முப்பத்தோரு வருஷம் வேலை பார்த்தேன். அதில் முதல் ஆறேழு வருஷத்தைப் பற்றி மட்டும் இங்கே எழுதுகிறேன். இப்போது டெலிபோனில் பேச நடுவில் ஆள் தேவையில்லை. எங்கள் காலத்தில் நடுவில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள் என்பதே பலருக்குத் தெரியாது. விருதுநகருக்கும் சிவகாசிக்கும் பக்கத்தில் ஒரு சின்ன ஊர் என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன். ஊர்ப் பெயரை எழுத மாட்டேன், ஆட்களின் பெயர்களையும் மாற்றியிருக்கிறேன். அது பழக்கமாகிவிட்டது.

1. முதல் நாள்

அறுபதுகளின் ஆரம்பம். எஸ்.எஸ்.எல்.சி. முடித்துவிட்டு டீச்சர் டிரெயினிங் கிடைக்காமல் இருந்தபோது இந்த வேலை வந்தது. ஒரு நீள அறை. அதில் ஆள் உயரத்துக்கு ஒரு போர்டு. ஒவ்வொரு நம்பருக்கும் ஒரு துளையும் அதன் மேல் நகம் அளவுக்கு ஒரு பித்தளை ஷட்டரும் இருக்கும். ஊரில் யாராவது டெலிபோன் கைப்பிடியைச் சுற்றினால் அந்த ஷட்டர் 'டிக்' என்று விழும். பிளக்கைச் செருகி, 'நம்பர் ப்ளீஸ்' என்று கேட்டு, மறு பிளக்கை அவர்கள் கேட்கும் நம்பரில் செருகி மணி அடிக்க வேண்டும். என் முன்னால் சின்னதாக ஒரு கீ உண்டு. அதை முன்னால் இழுத்தால் பேசுகிற இருவரின் குரலும் என் காதில் விழும். பின்னால் தள்ளினால் விழாது.

சூப்பர்வைசர் அதிகம் பேசாத மனிதர். ரகசியக் காப்புப் பாரத்தில் கையெழுத்து வாங்கிக்கொண்டு இவ்வளவுதான் சொன்னார்: "மணி அடிச்சு அவுக எடுத்தாச்சுன்னா கீயைத் தள்ளிரும்மா. உள்ள என்ன பேசுதாகன்னு நமக்கு வேண்டாம்."

சரி என்று தலையாட்டினேன். ஆனால் தள்ளவில்லை. இரண்டு மூன்று மாதம் எல்லாவற்றையும் கேட்டேன். பத்தொன்பது வயது எனக்கு. சர்ச்சும் பள்ளிக்கூடமும் தவிர எதையும் பார்க்காதவளுக்கு அந்தக் கீ ஊரின் எல்லா வீட்டுக் கதவுகளையும் திறந்துவிட்டது.

2. நல்ல செய்தி

ஒரு நாள் எங்கள் ஊர்ப் பருப்பு வியாபாரி ஒருவர் மதுரையில் ஒரு டாக்டரிடம் பேசினார். கல்யாணம் நிச்சயமாகியிருந்த அவர் மகளுக்கு முன்பு காசநோய் இருந்திருக்கிறது. சானடோரியத்தில் வைத்துக் குணப்படுத்தியிருக்கிறார்கள். கடைசியாக எடுத்த எக்ஸ்ரேயும் சுத்தமாக இருக்கிறது, தாராளமாகக் கல்யாணம் செய்யலாம் என்றார் டாக்டர். அந்த அப்பா போனிலேயே அழுதுவிட்டார். எனக்கும் கண் கலங்கியது.

அந்தச் சந்தோஷத்தோடு வீட்டுக்குப் போய் அம்மாவிடம் சொன்னேன். "பாவம்மா அந்தப் பிள்ள, இப்ப நல்லாயிருச்சாம்." அம்மாவும் நல்ல மனசோடுதான் மாதர் சங்கத்தில் யாரிடமோ சொல்லியிருக்கிறாள். அது ஒரு வாரத்தில் மாப்பிள்ளை வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தது. அங்கே போகும்போது 'குணமானது' கழன்று, நோய் மட்டும் மிஞ்சியிருந்தது. கல்யாணம் நின்றுபோனது.

அந்த வியாபாரிக்கு எக்ஸ்சேஞ்சின் மேல் சந்தேகமே வரவில்லை. மகளுக்கு முதலில் வைத்தியம் பார்த்த உள்ளூர் டாக்டரிடம் இருந்த கம்பவுண்டர்தான் வெளியே விட்டுவிட்டான் என்று சண்டைக்குப் போனார். கம்பவுண்டருக்கு வேலை போனது. இரண்டு பிள்ளைகளோடு அவர் சாத்தூர்ப் பக்கம் போய்விட்டதாகக் கேள்விப்பட்டேன்.

நான் யாரிடமும் ஒப்புக்கொள்ளவில்லை. வேலை போய்விடும் என்ற பயம். இந்தக் குறிப்பில்தான் முதன்முறையாக எழுதுகிறேன்.

3. கைக்கு வந்த பழக்கம்

அதன் பிறகுதான் கீயைத் தள்ளப் பழகினேன். கேட்கக்கூடாது என்று மனதுக்குச் சொல்லிப் பார்த்தேன். மனது கேட்கவில்லை. அதனால் கையைப் பழக்கினேன். மறுமுனையில் 'அலோ' என்று குரல் வந்ததும் வலது கட்டைவிரல் கீயைத் தள்ளிவிட வேண்டும். இடது கை பென்சிலை எடுத்து, காலுக்கு ஒன்றாகக் கணக்கு எழுதும் டிக்கெட் சீட்டில் நேரம் எழுத வேண்டும். இரண்டு கைக்கும் வேலை கொடுத்தால் காது தானாக அடங்கியது. ஆறு மாதத்தில், நான் தள்ளினேனா இல்லையா என்று எனக்கே நினைவில்லாத அளவுக்கு அது வந்துவிட்டது.

வேறு சிலவும் ஒட்டிக்கொண்டன. ஹெட்செட் அழுத்தி காது மடல் புண்ணாகும். மணிக்கொரு தரம் காது மாற்றுவேன். சாப்பாட்டு வேளையில் பேசாமல் சாப்பிட்டுவிட்டு, பத்து நிமிஷம் பின் வராந்தாவில் கண்ணை மூடி உட்காருவேன். டூட்டி முடிந்ததும் கடைத்தெரு வழியாகப் போகாமல் கண்மாய்க் கரையைச் சுற்றி நடந்து போவேன். கால் மணி கூடுதலாகும். ஆனால் நாள் முழுக்கக் கேட்ட குரல்கள் வீடு வருவதற்குள் மங்கிவிடும். "இன்னைக்கு என்ன சேதி?" என்று அம்மா கேட்டால், "கூட்டம் ஜாஸ்திம்மா" என்பேன். முதலில் அம்மாவுக்குக் கோபம் வந்தது. பிறகு கேட்பதை விட்டுவிட்டாள்.

வெளியே இருந்து தூண்டில் வராமல் இல்லை. மிளகாய் மண்டி அண்ணாச்சி ஒருவர் தீபாவளிக்கு முந்தி ஒரு பலகாரப் பெட்டியோடு வந்தார்.

"என்ன பேசுனாகன்னு கேக்கல தாயி. எதுத்த மண்டிக்காரரு மெட்ராசுக்கு எம்புட்டு நேரம் பேசுனாரு? அத மட்டும் சொல்லு, போதும்."

மூன்று நிமிஷம் பேசினாரா ஒன்பது நிமிஷம் பேசினாரா என்பதை வைத்தே சரக்கு பேரம் முடிந்ததா இல்லையா என்று கணக்குப் போட்டுவிடுவார். கெட்டிக்காரர்.

"வெளியூருக்கு டிரங்க் கால் பதியணும்னா நம்பரச் சொல்லுங்க அண்ணாச்சி" என்றேன்.

"நீ தேற மாட்ட" என்று சிரித்துக்கொண்டே பெட்டியைத் திரும்ப எடுத்துக்கொண்டு போனார்.

இதையெல்லாம் நான் பெருமையாக நினைத்தேன். வாய் திறக்காதவள், முகத்தில் எதையும் காட்டாதவள் என்று ஆபீசில் பெயர் வந்தது. அந்தப் பெயர் பிடித்திருந்தது.

4. அந்தப் புரட்டாசி

என் பக்கத்து நாற்காலியில் கோமதி உட்காருவாள். என்னைவிட ஒரு வயது மூத்தவள், கலகலப்பானவள். அப்பா இல்லை. அம்மாவும் தம்பி சங்கரலிங்கமும்தான். தம்பி ஒரு பட்டாசுக் கம்பெனியில் பேக்கிங் பக்கம் வேலை பார்த்தான்.

தீபாவளி சீசன் உச்சத்தில் இருந்த ஒரு காலை. பத்து மணி இருக்கும். ஜன்னல் கண்ணாடி ஒரு தரம் அதிர்ந்தது. பின்னாலேயே சத்தம் வந்தது. எங்கள் பக்கத்தில், பட்டாசுக் கம்பெனி வெடிக்கும் அந்தச் சத்தத்தை யாரும் இடி என்று தப்பாக நினைப்பதில்லை. கோமதியும் நானும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். அடுத்த நிமிஷம் போர்டில் ஷட்டர்கள் மடமடவென்று விழ ஆரம்பித்தன. ஊரே கைப்பிடியைச் சுற்றியது. எங்களுக்கு மதுரைக்கு இருந்ததே இரண்டு டிரங்க் லைன்தான்.

ஒரு லைனை உள்ளூர் ஆஸ்பத்திரி டாக்டருக்குக் கொடுத்தேன். மதுரைப் பெரிய ஆஸ்பத்திரியில் இடம் கேட்டுப் பேசினார். ஒரே இரைச்சல். அந்தப் பக்கத்து கிளார்க்குக்கு ஒன்றும் விளங்கவில்லை. இப்படிப்பட்ட நேரத்தில் நடுவில் இருக்கிற நாங்கள் ஒரு பக்கம் கேட்டு மறுபக்கம் வாங்கிச் சொல்ல வேண்டும். கீயை முன்னால் இழுத்தேன்.

"ஆறு பேரும்மா. மூணு பேருக்குக் காயம் அதிகம். பேரு வயசு சொல்லுதேன், அப்படியே சொல்லுங்க" என்றார் டாக்டர்.

ஒவ்வொன்றாக வாங்கிச் சொன்னேன். ஐந்தாவது பெயர்: சங்கரலிங்கம், வயது இருபது, தெருப் பெயரும் சொன்னார். அது கோமதியின் தெரு.

கோமதி என் முழங்கைக்கு ஒரு முழம் தள்ளி உட்கார்ந்து, யாரிடமோ "பொறுங்க சார், லைன் இல்ல" என்று கத்திக்கொண்டிருந்தாள். நான் வாய்க்குழலைச் சுற்றிக் கையைக் குவித்துக்கொண்டு, பெயரைச் சொல்லாமல் இங்கிலீஷ் எழுத்துகளாகச் சொன்னேன். "எஸ், ஏ, என், கே..." மதுரை கிளார்க் இரண்டாம் தரமும் கேட்டார். மறுபடியும் சொன்னேன். என் குரல் நடுங்கவில்லை. அது எனக்கே ஆச்சரியமாக இருந்தது.

முடிந்ததும் ஒரு டிக்கெட்டின் பின்புறம் எழுதினேன்: 'கோமதி தம்பிக்குக் காயம். ஆஸ்பத்திரியில். மாற்று ஆள் உடனே வேண்டும்.' சூப்பர்வைசர் படித்தார். என்னைப் பார்த்தார். சைக்கிளை எடுத்துக்கொண்டு, லீவில் இருந்த இன்னொரு ஆபரேட்டரைக் கூட்டிவரப் போனார். கடிகாரத்தில் பத்தே முக்கால்.

கோமதி என் பக்கம் திரும்பினாள். "எஸ்தரு, எந்தக் கம்பெனின்னு தெரிஞ்சதா?"

நான் அவளைப் பார்க்கவில்லை. "லைன் விழுது, பாரு" என்றேன்.

அவள் பார்த்தாள். ஆஸ்பத்திரியிலிருந்து மதுரைக்குப் போக வேன் கேட்டார்கள். கோமதிதான் அந்த அழைப்பை எடுத்தாள். ஒரு நம்பரில் யாரும் எடுக்கவில்லை, அடுத்ததில் வண்டி வெளியூர் போயிருந்தது. "உசுரு போற விஷயம்யா" என்று மூன்றாவது ஆளிடம் சண்டை போட்டு வேனை வாங்கிக் கொடுத்தாள். யாருக்கு வாங்கினாள் என்று அவளுக்குத் தெரியாது.

மாற்று ஆள் வந்து சேரும்போது பதினொன்று இருபது. நான் ஹெட்செட்டைக் கழற்றிவிட்டு அவள் கையைப் பிடித்தேன்.

"கோமதி, சங்கரலிங்கம் ஆஸ்பத்திரியில இருக்கான். பத்தே முக்காலுக்கு உசுரோட இருந்தான். அதுக்கு மேல எனக்குத் தெரியாது. ஓடு."

அவள் கடிகாரத்தைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். ஓடினாள்.

அவள் போவதற்குள் வேன் கிளம்பிவிட்டது. வேனில் இடமில்லை என்று அவள் அம்மாவை ஏற்றவில்லை. மகன் உயிரோடு போகிறானா இல்லையா என்று கேட்டுச் சொல்லக்கூட ஆளில்லாமல் அந்த அம்மா ஆஸ்பத்திரிப் படியில் தனியாக உட்கார்ந்திருந்தாராம். "எம் மகளக் கூப்பிடுங்க" என்று போகிறவர் வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாராம்.

5. கோமதி சொன்னது

சங்கரலிங்கம் பிழைத்துக்கொண்டான். வலது கை விரல்கள் ஒட்டிப்போயின. கோமதி ஒரு மாதம் கழித்து வேலைக்கு வந்தாள். அதே நாற்காலி, அதே போர்டு. டிக்கெட் கொடுப்பாள், டிக்கெட் வாங்குவாள். என்னோடு பேச்சு கிடையாது. நான் செய்தது சரி என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன்.

பொங்கல் கழிந்து ஒரு மத்தியானம், நான் வராந்தாவில் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தேன். அவள் வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"நீ அப்பவே சொல்லியிருந்தா நான் எல்லாத்தையும் போட்டுட்டு ஓடியிருப்பேன். அந்த வேன் கெடச்சிருக்குமோ என்னமோ. அதனால உன்னக் குத்தம் சொல்ல மாட்டேன்."

நான் கண்ணைத் திறந்தேன்.

"ஆனா நான் கேட்டேன்ல? அப்ப நீ என் மூஞ்சியவே பாக்கலையே எஸ்தரு. யாரோ காசு குடுத்துக் கேக்க வந்த மாதிரி லைனப் பாருன்னு சொன்ன. சேதியச் சொல்ல வேண்டாம். 'ஆள் வருது, நீ வீட்டுக்குப் போகணும், கொஞ்சம் பொறு'ன்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா, அந்த அரை மணி நேரம் நீ என்கூட இருந்தன்னு நெனச்சிருப்பேன்."

அழுகை வந்தது. அதற்கு முன் அந்த ஆபீசில் நான் அழுததில்லை. அவள் எழுந்து போய்த் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். மறுநாளிலிருந்து பேசினோம். பழைய மாதிரி இல்லை, ஆனால் பேசினோம்.

கேட்டதை வெளியே விடாதிருக்கப் பழகுவது பெரிய காரியம் இல்லை, ஆறு மாதத்தில் வந்துவிடும். அப்படிப் பழகும்போதே முகமும் இறுகிவிடுகிறது என்பதை நான் கவனிக்கவில்லை. வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்ல நினைப்பது இதுதான்: ஒருவருக்கு 'இல்லை' என்று சொல்லும்போது அவர் முகத்தைப் பார்த்துச் சொல்லுங்கள்.

இரண்டு வருஷம் கழித்து இன்னொரு விபத்து. வெம்பக்கோட்டைப் பக்கத்து விவசாயி ஒருவர் எக்ஸ்சேஞ்ச் வாசலுக்கு வந்துவிட்டார். மருமகள் அந்தக் கம்பெனியில் வேலையாம். "பேரு எதுவும் வந்துச்சா தாயி?" என்று கேட்டார். அவர் சொன்ன மருமகளின் பெயர் வந்திருந்தது. மாற்று ஆளிடம் போர்டைக் கொடுத்துவிட்டு எழுந்து வாசலுக்குப் போனேன்.

"பேரு சொல்ல எனக்கு அனுமதி இல்லய்யா" என்றேன், அவர் முகத்தைப் பார்த்து. "நீங்க ஆஸ்பத்திரிக்குப் போங்க. வேற எங்கயும் நிக்காம நேராப் போங்க. நான் ரிக்‌ஷா கூப்பிடுதேன்."

அவர் என்னையே ஒரு நிமிஷம் பார்த்தார். பிறகு நான் கூப்பிட்ட ரிக்‌ஷாவில் ஏறினார்.