சோளக்கொல்லைக்கு மூணு பக்கக் கரை

தறிக்காரனைக் கட்டிக்கினா புடவைக்குப் பஞ்சமில்லன்னு சொல்லித்தான் என்னை இந்த வீட்டுக்கு அனுப்பினாங்க. கட்டுறது இன்னிக்கும் பாலியஸ்டர்தான். அது கெடக்கட்டும், நான் சொல்ல வந்தது கொல்லை கதை.

வாலாஜாபாத் பக்கத்துல எங்கப்பா விட்டுட்டுப் போன மானாவாரி நிலம் எனக்கும் எங்கண்ணனுக்கும் பொது. மழை மனசு வெச்சாத்தான் விளையும். அண்ணன் காஞ்சிபுரத்துல ஒரு பட்டுக்கடையில இருக்காரு. நெசவாளிங்க கொண்டாற புடவையைப் பிரிச்சுப் பார்த்து எடுக்கலாமா வேணாமான்னு சொல்றதுதான் வேலை. "சுத்தி எல்லாரும் மனை போட்டு வித்துட்டான். நீ மட்டும் புழுவுக்குச் சோறு போட்டுக்கினு இரு"ன்னு திட்டுவாரு. திட்டுறதுல நியாயமும் இருந்தது. வெள்ளைச் சோளம் வெதைக்கிறதும், குருத்துப் புழு உள்ள பூந்து நடுக்குருத்தைக் காயவெக்கிறதும், மாட்டுக்குத் தட்டை மட்டும் மிஞ்சுறதும் வழக்கமாவே ஆயிப்போச்சு. "இந்த ஒரு போகம் பாருண்ணா. தேறலன்னா நானே கையெழுத்துப் போடுறேன்"னு ஒரு கோவத்துல சொல்லிட்டேன். என் வாய் எப்பவும் எனக்கு முன்னாடி ஓடும்.

ஏனாத்தூர் பக்கம் விவசாயிங்களுக்கு ஒரு பயிற்சி வெச்சாங்க, போனேன். சோளத்துக்கு நடுவுல தட்டைப்பயறு போடுங்க, கொடி நிலத்தை மூடி ஈரத்தைக் காப்பாத்தும்னு ஒரு பொண்ணு சொல்லுச்சு. கொல்லையைச் சுத்தி நேப்பியர்னு ஒரு மாட்டுத்தீவனப் புல்லு வைக்கணுமாம். குருத்துப் புழுவோட தாய்ப்பூச்சிக்குச் சோளத்தைவிட அந்தப் புல்லு மேலதான் ஆசை, அதுல போய் முட்டை போடும். பொரிஞ்சு வர்ற புழு தண்டைக் கடிச்சா பிசின் ஊறி, அதுலயே ஒட்டிக்கினு சாகும். கேக்கவே எனக்குக் குளுகுளுன்னு இருந்தது.

புல்லு நடுற நேரம் பார்த்து எனக்குக் கணுக்கால் சுளுக்கிக்கிச்சு. வீட்டுக்காரரை அனுப்பினேன். "வெச்சாச்சா?"ன்னா, "ஜோரா வெச்சாச்சு"ன்னாரு. ஆடி மழைக்குச் சோளமும் பயறும் அவரே வெதைச்சாரு. பயிர் முழங்கால் உசரம் வந்தப்புறம்தான் நான் நொண்டிக்கினே போய்ப் பார்த்தேன். ரெண்டு நீளப் பக்கமும் கயிறு புடிச்சாப்பல நேரா புல்லு. கிழக்குப் பக்கம் இன்னும் அகலமா, அடர்த்தியா. மேற்கே, ரோட்டுப் பக்கம், மொட்டை.

"யோவ், அந்தப் பக்கம் எங்கய்யா?"

"அது சொருகுற முனைதானே. அங்க எதுக்குக் கரை?"

அடப்பாவி மனுஷா! புடவைக்கு ரெண்டு ஓரமும் கரை, ஒரு முனையில முந்தி. இன்னொரு முனை இடுப்புல சொருகிக்கிறது, அதனால வெறும் துணி. பொறந்ததுலேர்ந்து பார்த்த கணக்கை அப்படியே கொல்லையில இறக்கிட்டாரு. மிச்சமான புல்லுக் கரணையை எதிர்வீட்டு மாட்டுக்குப் போட்டுட்டு, சிக்கனம் பண்ணேன்னு பெருமை வேற.

"அந்த முனையை யாரு பாக்கப் போறா?"ன்னாரு.

"பூச்சி பாக்கும்யா!"

பாத்துச்சு. அவசரமா மேற்கே கரணை நட்டோம், மழை கை விட்டுடுச்சு, ஒண்ணும் புடிக்கல. ரோட்டோர வரிசையெல்லாம் குருத்து காய்ஞ்சு நின்னுது.

கதிர் முத்துற நேரம் அண்ணன் பைக்ல வந்தாரு, பின்னாடி மனைத் தரகரை உக்கார வெச்சுக்கினு. ரோட்டுப் பக்கமா வந்தா எது கண்ணுல படும்?  எங்கப்பா நிலம் என் வாயாலயே போகுதேன்னு அழுகை முட்டுச்சு. வீட்டுக்காரர் பைக் சத்தம் கேட்டதுமே கிழக்கே முந்திப் பக்கம் போய்ப் பதுங்கிட்டாரு.

"இதை வெச்சுக்கினு இன்னா சார் பண்ணப் போறீங்க?"ன்னு தரகர் சிரிச்சாரு. அண்ணன் குனிஞ்சு, காய்ஞ்ச குருத்து ஒண்ணை இழுத்தாரு, கையோட வந்துடுச்சு. கடையிலயும் அவரு சொருகுற முனையைத்தான் மொதல்ல பிரிப்பாரு. நெசவாளிங்க பழுதை ஒளிச்சு வெக்கிற இடம் அதுதானாம். ஆனா அதோட நிறுத்த மாட்டாரு, முந்தி வரைக்கும் பிரிச்சாகணும்.

கொல்லைக்குள்ள எறங்கி நடந்தாரு. நான் பின்னாலயே ஓடினேன். கொஞ்சம் உள்ள போனதும் சோளம் அவரு தலைக்கு மேல நின்னுது, தட்டைப்பயறுக் கொடி காலைச் சுத்துச்சு. ஒரு கதிரை உருவி, உள்ளங்கையில தேய்ச்சு, ஊதி, வாயில போட்டுக்கினே நடந்தாரு. கிழக்கே புல்லுக்குப் பின்னாடி குந்திக்கினு இருந்த வீட்டுக்காரர் அசட்டுச் சிரிப்போட எழுந்தாரு.

"முனை மட்டம் மாப்ள"ன்னாரு அண்ணன். "உடம்பு நல்லாருக்குது."

தரகர் மூச்சு வாங்கிக்கினு வந்து சேர்ந்தாரு. "அப்ப வாங்குற பார்ட்டிக்கு இன்னா சார் சொல்லட்டும்?"

"சொருகுற முனையில பழுதுன்னு நான் எந்தப் புடவையையும் திருப்பி அனுப்பினதில்லப்பா."

அண்ணன் எங்க வீட்டுல சாப்பிட்டுட்டுப் போறேன்னாரு. தரகர் பஸ்ஸுல போனாரு.