அக்கா தலையில ஒட்டிக்கிட்ட ஃபெல்ட் பூ

ரப்பர் பால் வாசனையும் ஹேர் ஸ்ப்ரே வாசனையும் ஒண்ணா கலந்தா எப்படி இருக்கும்னு உங்கள்ல எத்தனை பேருக்குத் தெரியும்... எனக்குத் தெரியும். ஒரு சனிக்கிழமை மத்தியானம் எங்க வீடு பூரா அதே வாசனைதான்.

மலேசியாவுல ரந்தாவ் பக்கம் எங்க ரப்பர் எஸ்டேட்டு. அப்பா பால்மரம் வெட்டுறவர், அதாவது ரப்பர் மரத்தைக் கீறிப் பால் எடுக்குறவர். நான் அப்போ ஃபார்ம் த்ரீ, பதினஞ்சு வயசு. அக்காவுக்கு சிரம்பான் பக்கம் ஒரு எலக்ட்ரானிக் ஃபேக்டரியில வேலை.

அக்காகிட்ட ஒரு பழக்கம். ஃபேக்டரி பஸ் எங்க எஸ்டேட்டு கேட்டைத் தாண்டித்தான் போகும். ஆனா அவ அங்க ஏறவும் மாட்டா, இறங்கவும் மாட்டா. தினமும் அப்பா மோட்டார் சைக்கிள்ல டவுனுக்குக் கொண்டுபோய் விடணும். கூட வேலை செய்யற பிள்ளைங்ககிட்ட டவுன்லதான் வீடுன்னு சொல்லி வச்சிருந்தா. அப்பா ஒண்ணும் கேக்க மாட்டாரு. எனக்குத்தான் பத்திக்கிட்டு வரும்.

அந்தச் சனிக்கிழமை ராத்திரி ஃபேக்டரி டின்னர். எல்லாரும் பழைய காலத்து ஸ்டைல்ல வரணுமாம். ஒரு நாள்கூட லீவு போடாம வேலை செஞ்சதுக்கு அக்காவுக்கு மேடையில பரிசு வேற. சலூனுக்குப் போறேன்னா. நான் விடல...

"சும்மா இரு லா. பூவு, ப்ரோச், தலை எல்லாம் நானே பண்றேன்"னு வாய விட்டுட்டேன்.

ஸ்கூல்ல வாழ்வியல் திறன் கிளாஸ்ல மிஞ்சின சிவப்பு ஃபெல்ட் துணி இருந்துச்சு. அஞ்சு இதழ் வெட்டி, நடுவுல அப்பா சட்டை பட்டனை வச்சுத் தச்சேன். நல்லா உள்ளங்கை அளவு பூ. அதே துணியில குட்டியா ஒரு ப்ரோச்சும்.

பூவைக் கிளிப்புல ஒட்டணும். கடை கம் எல்லாம் எங்களுக்கு எதுக்கு... எஸ்டேட்டு பிள்ளைங்க பட்டத்துல இருந்து ஸ்கூல் ப்ராஜெக்ட் வரைக்கும் ஒட்டுனது ரப்பர் பால்லதான். மரத்துல பால் பிடிக்கிற மங்குல கொஞ்சம் பால் கொண்டு வாங்கன்னு அப்பாகிட்ட சொன்னேன், கொண்டு வந்தாரு. மெல்லிசா தடவி காய விடணும். அது எனக்கும் தெரியும். ஆனா பூவு ஆடக்கூடாதுன்னு அள்ளி அப்பிட்டேன்.

மேல தொட்டுப் பார்த்தா காய்ஞ்சிருந்துச்சு. உள்ள இன்னும் பாலாவே இருந்திருக்கு.

அக்கா நெத்திக்கு மேல, இடது பக்கமா வச்சு அழுத்தினேன். கொஞ்சம் தள்ளி வைக்கலாம்னு எடுக்கப் போனேன்... பூவோட முடியும் சேர்ந்து வந்துச்சு. அக்கா கத்தினதுல பக்கத்து வீட்டு நாய் குலைச்சுச்சு.

தேங்காய் எண்ணெய் தேய்ச்சோம். சீப்பு வச்சு இழுத்தோம். ஒண்ணும் வேலைக்கு ஆகல. கடைசியில அம்மா கத்திரிக்கோலைக் கொண்டு வந்து, ரெண்டு விரல் அகலத்துக்கு முடியை ஒட்ட வெட்டி எடுத்தாங்க.

அக்கா கண்ணாடியைப் பார்த்தா. "நான் போகல. மேடையில இந்தத் தலையோட நிப்பேனா"ன்னு கட்டில்ல விழுந்து அழுதா. டின்னருக்குக் கூட்டிப் போற ஃபேக்டரி பஸ் டவுனுக்கு வர ஒன்றரை மணி நேரம்தான் இருந்துச்சு. ஒரு வருஷம் முழுக்க காய்ச்சல்லகூட வேலைக்குப் போனவ அவ.

சுவத்துல அம்மாவோட கல்யாண போட்டோ. முன் முடி புஸ்ஸுன்னு மேல எழும்பி, நெத்திக்கு மேல சுருண்டு நிக்கும். அப்படித் தூக்கிக் கட்டினா வெட்டின இடம் உள்ள மறைஞ்சிடும்னு தோணுச்சு.

"அதுல பாதி என் முடி இல்லடி. சவுரி"ன்னாங்க அம்மா.

சவுரிக்கு எங்க போறது... அப்பா பால் வெட்டக் காட்டுக்குப் போட்டுட்டுப் போற முழங்கால் வரைக்கும் வர்ற கறுப்பு ஸ்டாக்கிங், துவைச்சது ஒண்ணு கொடியில இருந்துச்சு. அதைச் சுருட்டி உள்ள வச்சேன். முடியைத் தலைகீழா சீவி உப்ப வச்சு, மேல போர்த்தி, கொண்டை ஊசியா குத்தி, ஸ்ப்ரே அடிச்சேன். புதுசா ஒரு பூ வெட்டி, இந்தத் தடவை ஒழுங்கா கிளிப்போட சேர்த்து நூல் போட்டுத் தச்சேன்.

அக்கா மெதுவா கண்ணாடி முன்னாடி வந்து நின்னா. அப்படியே அம்மா போட்டோவுல இருந்து இறங்கி வந்த மாதிரி இருந்தா.

வெளிய அப்பா மோட்டாரை ஸ்டார்ட் பண்ணி, ஹெல்மெட்டை நீட்டினாரு.

அப்பதான் எங்க எல்லாருக்கும் உறைச்சுச்சு. அந்தத் தலை மேல ஹெல்மெட் எப்படிப் போடுறது?

அக்கா ஹெல்மெட்டைப் பார்த்தா. என்னைப் பார்த்தா. திரும்ப ஒருக்கா கண்ணாடியைப் பார்த்தா... அப்புறம் கூட வேலை செய்யற பிள்ளைக்கு போன் போட்டா.

"பஸ்காரர்கிட்ட சொல்லு, எஸ்டேட்டு கேட்டுல நிறுத்தச் சொல்லி. ஆமா, எஸ்டேட்டுதான். எங்க வீடு இங்கதான்."

நாங்க நாலு பேரும் கேட்டு வரைக்கும் நடந்தோம். அப்பா வேலை சட்டையோடயே வந்தாரு. பஸ் நின்னதும் ஜன்னல் பூரா தலைங்க. ஒரு பிள்ளை, "எந்த சலூன்?"னு கேட்டுச்சு.

"என் தங்கச்சி பண்ணா. இவதான். இது எங்கப்பா"ன்னா அக்கா.

அப்பா பக்கத்துல இருந்த மரத்தைப் பார்க்குற மாதிரி திரும்பிக்கிட்டாரு. திங்கக்கிழமையில இருந்து பஸ் எங்க கேட்டுலதான் நின்னுச்சு.

இப்ப சிரம்பான்ல எனக்குச் சொந்தமா ஒரு அலங்காரக் கடை. க்ளூ கன் இருக்கு, கலர் கலரா ஃபெல்ட் இருக்கு, எந்தக் காலத்து ஸ்டைல் வேணும்னாலும் போன்ல வீடியோ இருக்கு. தப்பு பண்ண இடமே இல்ல... அது ஒண்ணுதான் கொஞ்சம் குறையா தெரியும்.

கல்யாணப் பொண்ணுங்க, "அக்கா, எங்க கத்துக்கிட்டீங்க?"ன்னு கேப்பாங்க. எஸ்டேட்டு பேரைத்தான் சொல்லுவேன். சிலது அதை ஏதோ பெரிய காலேஜ்னு நெனச்சு போன்ல தேடுதுங்க.

நான் திருத்துறதே இல்ல.